அடித்தரை இல்லாத தார்ப்பாய்: மழையில் நனையாமல் தூங்க முடியுமா?

கேள்வி | அக்டோபர் 6, மாலை 6.20

10-க்கு 10 அடி தார்ப்பாய் ஒன்று கையில் இருக்கிறது. கொடைக்கானல் மலையில், தாண்டிக்குடிப் பக்கம் ஒரு காபித் தோட்டத்தில் 2 ராத்திரி, 2 பேர். கூடாரத்தைச் சுமக்காமல் இதை மட்டும் எடுத்துப் போகலாம் என்பது என் கட்சி. கூட வருகிறவர் கட்சி: “மேலே கூரை, கீழே வெறும் மண். ஐப்பசி மழையில் விடியும்போது மிதந்துகொண்டிருப்போம்.” தார்ப்பாய் நல்லதாக இருந்தால் எப்படி நனைவோம்? நான் சொல்வது சரிதானே?

அக்டோபர் 6, இரவு 9.05

பாதி சரி. மேலேயிருந்து விழுகிற மழையைத் தார்ப்பாய் பார்த்துக்கொள்ளும். அது சுலபமான வேலை, கடைத்தெருவில் வாங்குகிற ஷீட்டே செய்துவிடும். ஆனால் அடித்தரை இல்லாத கூரைக்குக் கீழே ஆள் நனைவது வேறு வழிகளில். சரிவிலிருந்து தரையோடு ஓடி வருகிற தண்ணீர், விளிம்பில் விழுந்து தெறிக்கிற தண்ணீர், காற்று பக்கவாட்டில் தள்ளுகிற சாரல், கயிற்றைப் பிடித்துக்கொண்டு உள்ளே இறங்குகிற சொட்டு, போதாததற்கு உள்ளே படுத்திருப்பவர்களின் மூச்சு. எவ்வளவு விலை கொடுத்த துணியானாலும் இந்த ஐந்தில் ஒன்றையும் தடுக்காது. இடமும் கட்டுகிற விதமும்தான் தடுக்கும்.

ஒரு கணக்கு. 3 மீட்டர் சதுரத் தார்ப்பாயை வீட்டுக்கூரை மாதிரி நடுவில் மடித்து, முகட்டை 90 செ.மீ. உயரத்தில் வைத்துக் கட்டினால் தரையில் 2.4 மீட்டர் அகலம் கிடைக்கும். நீளம் 3. ஆக 7.2 சதுர மீட்டர். 1 மி.மீ. மழைக்கு 7.2 லிட்டர் இந்தக் கூரையிலிருந்து வழியும். மணிக்கு 30 மி.மீ. வேகத்தில் கொட்டினால் 216 லிட்டர். ஒவ்வொரு பக்க விளிம்பிலும் ஒரு மணி நேரத்தில் ஏழெட்டுக் குடம் தண்ணீர். அது எங்கே போகும் என்பதைக் கட்டுவதற்கு முன்பே தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

அதனால் சமமான இடமாகப் பாருங்கள். பள்ளம் கூடாது.

அக்டோபர் 7, காலை 7.10

நேற்று “சமமான இடம்” என்று எழுதியது தப்பு. சமதளத்தில் தண்ணீர் நிற்கும். மெல்லிய சரிவு வேண்டும், ஒரு மீட்டருக்கு 3 அல்லது 4 செ.மீ. இறக்கம். தலை மேட்டுப் பக்கம், கால் இறக்கத்தில். இன்னும் நல்லது சட்டியைக் கவிழ்த்த மாதிரி லேசாகப் புடைத்த இடம்.

தண்ணீர் ஓடிய தடத்தைத் தரையே காட்டும். காய்ந்த இலைகள் வரிவரியாக ஒரே பக்கம் ஒதுங்கியிருந்தால் அது ஓடைதான், இன்றைக்குக் காய்ந்திருக்கிறது, அவ்வளவே. மெல்லிய வண்டல் படிந்து பொருக்கு வெடித்திருந்தால் அங்கே தண்ணீர் தேங்குகிறது. மண் கழுவி வேர் வெளியே தெரிந்தாலும் ஒதுங்குங்கள். தோட்டங்களில் ஆள் நடந்து நடந்து இறுகிய இடம்தான் பார்க்கச் சுத்தமாக, படுக்க ஆசையாக இருக்கும். அதுதான் தண்ணீரைக் குடிக்காத இடம். ஒரு லிட்டர் பாட்டிலைக் கவிழ்த்துப் பாருங்கள். மண் குடித்துவிட்டால் நல்லது. படர்ந்து நின்றாலோ நீங்கள் படுக்கப்போகும் பக்கம் ஓடினாலோ வேறு இடம்.

அக்டோபர் 7, பகல் 1.30

“மண்வெட்டி எடுத்துப் போய்ச் சுற்றி வாய்க்கால் வெட்டினால் போச்சு” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பழைய பட்டாளத்துப் பழக்கம். அடித்தரை இல்லாத துணிக்கூடாரமும் கையில் வேலையில்லாத சிப்பாய்களும் இருந்த காலத்துக்குப் பொருந்தும். மலைச் சரிவில் வெட்டிய வாய்க்கால் நீங்கள் கிளம்பிய பிறகும் ஓடும், அடுத்த மழையில் அரிப்பாகும், தோட்டக்காரர் திட்டுவார். அதோடு, வாய்க்கால் வெட்டியே ஆக வேண்டிய இடம் என்றால் அது தப்பான இடம்.

மேட்டுப் பக்கம் தண்ணீரைக் கொஞ்சம் திருப்ப வேண்டுமானால், கீழே கிடக்கிற ஒரு தடித்த கிளையைத் தார்ப்பாயிலிருந்து அரை மீட்டர் தள்ளி, கோணலாக மண்ணோடு அழுத்தி வையுங்கள். காலையில் எடுத்துப் போட்டுவிடலாம். பெரிய ஓட்டத்தை அது தாங்காது.

அக்டோபர் 7, இரவு 10.15

தெறிப்பு. பெரிய மழைத்துளி வெறும் மண்ணில் மோதினால் மண்ணோடு சேர்ந்து 60 செ.மீ. வரை மேலே எழும்பும், பக்கவாட்டில் ஒன்றரை மீட்டர் வரைகூடப் போகும். விளிம்பைத் தரையிலிருந்து 20 செ.மீ. தூக்கிக் கட்டிவிட்டு வெறும் செம்மண்ணில் படுத்தால் காலையில் போர்வை ஓரம் முழுக்கச் செம்புள்ளி, கரும்புள்ளி மட்டும்தான் பாக்கி.

புல்லின் மேலோ இலைச்சருகின் மேலோ தெறிப்பு அங்கேயே செத்துவிடும். அதனால் வெறும் மண்ணைத் தவிருங்கள். வேறு இடமே இல்லையென்றால் தண்ணீர் சொட்டுகிற கோட்டில் மட்டும் ஒரு முழ அகலத்துக்குச் சருகு பரப்பலாம். சருகைக் கையால் அள்ள வேண்டாம், குச்சியால் கிளறிவிட்டு அள்ளுங்கள். தேள் இருக்கும்.

மேலே சொன்ன அளவுக்குப் படுக்கையைப் பொருத்திப் பார்ப்போம். 2 பேர் நெருங்கிப் படுத்தால் 1.3 மீட்டர் அகலம் போதும். 2.4-இல் அது போக இருபுறமும் 55 செ.மீ. சும்மா கிடக்கும். அந்த 55 செ.மீ.தான் காப்பு. அங்கே பையையும் செருப்பையும் அடுக்கினால் இன்னும் நல்ல தடுப்பு. தோளுக்கு மேலே கூரை 41 செ.மீ. உயரத்தில் இருக்கும். புரண்டால் இடிக்காது, உட்கார்ந்தால் தலை முகட்டில் இடிக்கும்.

சிலர் முகட்டை 1.2 மீட்டருக்குத் தூக்குவார்கள். தரை அகலம் 1.8-ஆகச் சுருங்கிவிடும், இருபுறமும் 25 செ.மீ. மட்டுமே மிஞ்சும். சீட்டு விளையாட நல்ல கூரை, தூங்குவதற்கு முன் இறக்கிவிடுங்கள்.

அக்டோபர் 8, காலை 6.50

கீழே விரிப்பதற்கு. கோரைப்பாய் வேண்டாம், தண்ணீரைக் குடித்துவிட்டு இரண்டு நாள் விடாது. பிளாஸ்டிக் பாயின் பின்னல் இடைவெளி வழியாகத் தண்ணீர் மேலே வரும். 125 மைக்ரான் பாலித்தீன் ஷீட் போதும். சதுர மீட்டருக்கு 115 கிராம்தான். 2 பேருக்கு 2.2 மீட்டருக்கு 1.5 மீட்டர் வெட்டினால் 400 கிராமுக்குள் வரும். நான்கு ஓரத்தையும் 8 செ.மீ. மேலே மடித்து மூலைகளைத் துணி கிளிப்பால் பிடித்துவிட்டால் ஒரு தொட்டி. மேலே ஃபோம் பாய். யோகாவுக்கு விற்கிறார்களே, அந்த மாதிரி தண்ணீர் குடிக்காத ஃபோம். இலவம்பஞ்சு மெத்தையை நினைத்துக்கூடப் பார்க்க வேண்டாம்.

முக்கியம்: விரிப்பு எந்தப் பக்கமும் கூரையின் சொட்டுக் கோட்டைத் தாண்டி நீட்டக் கூடாது. ஒரு சாண் வெளியே நீட்டினாலும் கூரைத் தண்ணீரை ஏந்தி நேராக முதுகுக்குக் கீழே கொண்டுவந்து விடும்.

அக்டோபர் 8, இரவு 8.40

காலையில் எழுதிய தொட்டி விஷயத்தில் ஒரு திருத்தம். வெளித் தண்ணீரை உள்ளே விடாத தொட்டி உள்ளே வந்த தண்ணீரையும் வெளியே விடாது. சாரலோ ஈரச் செருப்போ எப்படியோ ஒரு டம்ளர் உள்ளே வந்துவிட்டால், ஃபோம் பாய் அழுத்துகிற இடத்தில்தான் வந்து சேரும். அதனால் மூன்று பக்கம் மடியுங்கள். இறக்கத்தில் இருக்கிற கால்பக்கத்தை மடிக்காமல் விடுங்கள். மேட்டுப் பக்க மடிப்பு மட்டும் 8-க்குப் பதில் 10 செ.மீ.

பாலித்தீன் வழுக்கும். 4 செ.மீ. சரிவிலேயே ராத்திரிக்குள் ஆள் ஒரு சாண் கீழே போயிருப்பார். ஃபோம் பாயின் அடியில் சிலிக்கான் பசையால் பொட்டுப் பொட்டாக 20 இடத்தில் வைத்து முதல்நாளே காயவிட்டால் பிடிக்கும்.

இவ்வளவும் எழுதிய பிறகு தோன்றுகிறது, காட்டுப் பரண்காரன் இதையெல்லாம் எப்போதோ தீர்த்துவிட்டான். சங்கப் பாடல்களில் தினைப்புனம் காக்கிற இதணமும் அதுதான்: மேலே கூரை, தரையைத் தொடாத படுக்கை. ஒரு கயிற்றுக் கட்டிலைத் தோளில் தூக்கிக்கொண்டு மலையேற முடிந்தால் இந்த இழையை இங்கேயே மூடிவிடலாம்.

அக்டோபர் 9, பகல் 11.20

சாரல். 45 பாகைச் சாய்வில் மழை வந்தால் திறந்த வாசலின் உயரம் எவ்வளவோ அவ்வளவு தூரம் உள்ளே நனையும். 90 செ.மீ. வாசல், 90 செ.மீ. ஈரம். 3 மீட்டர் நீளத்தில் 1.7 மீட்டர் ஆள் நடுவில் படுத்தால் தலைமாட்டிலும் கால்மாட்டிலும் 65 செ.மீ.தான் மிஞ்சுகிறது. ஆக 25 செ.மீ. அளவுக்குத் தலைமுடியோ கால்விரலோ நனையும்.

வழி: காற்று வருகிற பக்க முகட்டை 40 செ.மீ.க்கு இறக்குங்கள். அந்த முனையில் ஈரம் 40 செ.மீ.யோடு நிற்கும். கால் அந்தப் பக்கம், தலை உயரமான பக்கம். நிலச் சரிவும் காற்றும் ஒத்துப்போகாவிட்டால் சரிவுக்குத்தான் முதல் மரியாதை, சாரலை வேறு வழியில் மறைக்கலாம். எடுத்துப் போன குடையை விரித்து வாசலில் படுக்கப் போட்டு, கைப்பிடியை முளையில் கட்டினால் பாதி வாசல் அடைபடும். மழைக்கோட்டைத் தொங்கவிட்டால் மீதி.

காற்று எந்தப் பக்கம்? ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்கு. வாடைக்கு முதுகைக் காட்டு என்பது பொதுவிதி. ஆனால் அக்டோபர் மாத மாலை இடிமழையில் முதல் காற்று மேகம் நிற்கிற திசையிலிருந்து வரும், எந்தத் திசையும் ஆகலாம். புயல் சின்னம் கரையைக் கடக்கிறபோதும் காற்று திரும்பும். அதனால் எதிர்ப்பக்கத்தையும் ஒரே கயிற்றைத் தளர்த்தினால் இறங்குகிற மாதிரி கட்டி வையுங்கள். ராத்திரி 2 மணிக்கு டார்ச்சை வாயில் கடித்துக்கொண்டு முடிச்சு அவிழ்க்கிறவருக்குத்தான் இதன் அருமை தெரியும்.

வால்பாறைக்கு இதே கணக்கா என்று கேட்டவருக்கு: அங்கே பெருமழை ஜூன் முதல் தென்மேற்குப் பருவத்தில், காற்று மேற்கிலிருந்து. ஆனால் அங்கே யானையும் சிறுத்தையும் இருக்கிற தேயிலைக்குள் தார்ப்பாய்க்கடியில் படுக்கவே வேண்டாம். நனைவது அங்கே கடைசிக் கவலை.

அக்டோபர் 9, இரவு 9.30

கயிறு. இரண்டு மரத்துக்கு நடுவே ஒரே கயிறு இழுத்து அதன் மேல் தார்ப்பாயைப் போட்டால் பாரத்தைக் கயிறு தாங்கும், துணி கிழியாது. ஆனால் மரத்தில் வழிகிற தண்ணீர் கயிற்றோடு நடந்து வந்து முகட்டுக்கு அடியில், சரியாக உங்கள் நெற்றிக்கு மேலே சொட்டும். கூரை ஒழுகுகிறது என்று துணியைத் திட்டுவீர்கள். கூரைக்கு ஒரு சாண் வெளியே கயிற்றில் 15 செ.மீ. பருத்தி நூலையோ கிழிந்த துணியையோ கட்டித் தொங்கவிடுங்கள். வந்த தண்ணீர் அதில் இறங்கிவிடும். இரண்டு முனையிலும் வேண்டும். யூகலிப்டஸ் மாதிரி வழவழப்பான பட்டையில் தண்ணீர் குழாய் திறந்த மாதிரி வரும், அங்கே இரண்டு நூலாகக் கட்டுங்கள்.

இரு முனையிலும் தனித்தனிக் கயிறு கட்டினால் உள்ளே கயிறே கிடையாது, இந்தத் தொல்லையும் கிடையாது. ஆனால் மலிவுத் தார்ப்பாயின் ஐலெட் (ஓரத்தில் கயிறு மாட்டுகிற வளையம்) அந்த இழுப்புக்குப் பிய்ந்துவிடும். பிய்ந்துவிட்டால், அல்லது பிய்வதற்கு முன்பே: எலுமிச்சை அளவு கூழாங்கல்லைத் தார்ப்பாய்க்கு அடியில் வைத்து, துணியோடு சேர்த்துக் கழுத்தில் கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்குங்கள். ஐலெட்டைவிட வலுவான பிடி. கூர்முனை இல்லாத கல்லாக எடுங்கள்.

நைலான் கயிறு நனைந்தால் தளரும். பருத்திக் கயிறு நனைந்தால் சுருங்கும், முடிச்சு அவிழாது. எனவே பாலியெஸ்டர், 3 மி.மீ. லாரியில் சரக்கை இழுத்துக் கட்டுவார்களே, கயிற்றில் ஒரு கண்ணி போட்டு அதன் வழியாகத் திருப்பி இழுப்பது, அந்தக் கட்டு முகட்டுக்கு. பக்கக் கயிறுகளுக்கு மேலும் கீழும் நகர்த்துகிற நழுவு முடிச்சு.

அக்டோபர் 10, காலை 7.45

முளை மறந்துவிட்டது. நனைந்த தோட்டத்து மண்ணில் 15 செ.மீ. கம்பி முளை வெண்ணெயில் கத்திதான். 25 செ.மீ. வேண்டும், தலை கூரைக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். மழை தொடங்கி ஒரு மணி நேரம் கழித்து எல்லா முளையையும் மிதித்துப் பாருங்கள். ஆடினால் மேலே ஒரு கல்.

அக்டோபர் 10, இரவு 10.30

“மழையே இல்லை, ஆனாலும் காலையில் போர்வை ஈரம்” என்றவருக்கு. அது வியர்வை, தார்ப்பாயின் வியர்வை. ஒரு ஆள் ராத்திரியில் மூச்சிலும் தோலிலுமாகக் கால் லிட்டர் தண்ணீரையாவது காற்றில் விடுகிறார். அடித்தரை இல்லாததால் மண்ணின் ஓதமும் சேரும். வானம் தெளிந்த ராத்திரியில் தார்ப்பாய் காற்றைவிடக் குளிர்ந்துவிடும், உள்பக்கம் முத்து முத்தாகக் கோத்துக்கொள்ளும். பிறகு மேலே ஒரு தூறல் விழுந்தால் அந்த முத்தெல்லாம் உதிரும். ஒழுகல் என்று நினைப்போம். சோதிக்க, உள்பக்கத்தை ஒரு துணியால் துடைத்துவிட்டுப் பாருங்கள். ஒரே இடத்தில் திரும்பக் கோத்தால் ஓட்டை. பரவலாகக் கோத்தால் மூச்சு.

மருந்து காற்றோட்டம். விளிம்பை நாலாபுறமும் தரையோடு ஒட்டி அடைத்தால் தெறிப்பு நிற்கும், உள்ளே குளியலறை ஆகிவிடும். 10 செ.மீ. இடைவெளி விடுங்கள், முகட்டையும் அதே அளவு ஏற்றுங்கள். வாசல் இரண்டும் முழுக்க அடைபடக் கூடாது. ஈரத் துணியை உள்ளே உலர்த்தக் கூடாது. உலராது, கூரைக்கு ஏறும்.

மரத்தடியில் இப்படி முத்துக் கோப்பது குறையும், இலைக்கூரை குளிர்ச்சியைத் தடுக்கிறது. அதற்கு விலை: மழை விட்டும் தூவானம் விடாது, ஒரு மணி நேரம் சொட்டிக்கொண்டே இருக்கும். அதைவிட முக்கியம் தலைக்கு மேலே என்ன இருக்கிறது என்பது. காபித் தோட்டத்து நிழல் மரமான சில்வர் ஓக்கின் கிளை காற்றில் எளிதில் முறியும், யூகலிப்டஸும் அப்படித்தான். காய்ந்த கிளை தொங்குகிற மரத்தடியை விட நனைவது மேல்.

கேள்வி கேட்டவர் | அக்டோபர் 11, மாலை 5.10

என் கட்சி தோற்றுப்போனது புரிகிறது. கூட வருகிறவர் இதைப் படித்துவிட்டு இரண்டு நாளாகச் சிரிக்கிறார். ஒரே சந்தேகம்: நீலத் தார்ப்பாயா, சில்பாலினா, சில்நைலானா? அப்புறம் அட்டைப்பூச்சி?

அக்டோபர் 11, இரவு 9.15

நீலத் தார்ப்பாய் நெய்த பிளாஸ்டிக், மேலே பூச்சு. மடித்த இடத்தில் பூச்சு வெடித்து ஒழுகும். புதிதாக இருந்தால் ஒரு பயணத்துக்கு ஓடும். சில்பாலின் பல அடுக்குப் பிளாஸ்டிக் ஷீட். 90 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 90 கிராம்) எடுத்தால் 9 சதுர மீட்டருக்கு 810 கிராம், 120 என்றால் 1,080. 200 எடுக்காதீர்கள், அது நெல் மூட்டைக்கு, 1.8 கிலோ வரும். நனைந்தாலும் தளராது. காற்றில் படபடவென்று சத்தம் போடும், காதில் பஞ்சு வையுங்கள். சில்நைலான், அதாவது சிலிக்கான் பூசிய நைலான், அரைக் கிலோவில் முடிந்துவிடும், ஆனால் நனைந்தால் தொய்யும். படுக்கப் போகும் முன் ஒரு முறை இழுத்துக் கட்டியே ஆக வேண்டும். தொய்ந்த இடத்தில் தண்ணீர் தேங்கினால் பாரம், பாரத்தால் இன்னும் தொய்வு. தையல் முகட்டில் வருகிற துணியென்றால் தையலுக்கு சிலிக்கான் பசையை மினரல் டர்பன்டைனில் தேன் பதத்துக்குக் கரைத்துப் பூசி ஒரு நாள் காயவிடுங்கள். பாலியூரித்தேன் பூச்சுள்ள துணியில் சிலிக்கான் ஒட்டாது, உரிந்து வரும்.

உங்களுக்கு சில்பாலின் 120.

அட்டைக்கு அடித்தரை இருந்தாலும் ஒன்றுதான், வாசல் வழியாக வரும். நெருங்கப் பின்னிய அட்டைச் சாக்ஸைப் போட்டுக்கொண்டே தூங்குங்கள். சுற்றி உப்புக் கோடு போடுவது மழை வரும்வரைதான், அட்டை வருவதோ மழை வந்த பிறகு.

அக்டோபர் 12, காலை 6.30

தோட்டத்துக்காரரிடம் இடம் கேட்கும்போது யானைத் தடம், காட்டுமாடு மேய வருகிற பக்கம் இரண்டையும் கேளுங்கள். அந்தப் பக்கத்து மலைகளில் இரண்டும் உண்டு. அவர் வேண்டாம் என்றால் களத்துக் கொட்டகையில் படுங்கள். காட்டுக்குள் என்றால் வனத்துறை அனுமதி இல்லாமல் கிடையாது. 2018 குரங்கணித் தீக்குப் பிறகு அதற்குத் தனி விதிகளே இருக்கின்றன.

அக்டோபர் 12, இரவு 8.50

மழையிலேயே போய்ச் சேர்ந்தால் எந்த வரிசையில் கட்டுவது என்று கேட்டார்கள். தார்ப்பாய் பையின் மேல்வாயில் இருக்க வேண்டும், கயிறுகள் ஏற்கெனவே மாட்டியபடி. முதலில் முகட்டுக் கயிறு. பிறகு காற்று வருகிற பக்க மூலைகள் இரண்டு. பிறகு மற்ற இரண்டு. அதற்குப் பிறகுதான் பையையே திறக்க வேண்டும். கூரைக்கடியில் நின்று மழைக்கோட்டைக் கழற்றி வாசலில் மாட்டி, பிறகு பாலித்தீன், பிறகு ஃபோம், படுக்கும்போது மட்டும் போர்வை. போர்வை, மாற்றுத்துணி, தீப்பெட்டி மூன்றும் தடித்த பாலித்தீன் பைக்குள், வாய் முறுக்கி மடித்து ரப்பர் பேண்ட் போட்டு. பைக்கு வெளியே மாட்டுகிற மழையுறையை மட்டும் நம்ப வேண்டாம், முதுகுப் பக்கம் அது மூடாது.

கிளம்பும்போது தலைகீழ் வரிசை. தார்ப்பாய் கடைசி.

அக்டோபர் 13, காலை 7.00

விட்டுப்போனது. ஈரத் தார்ப்பாயைப் போர்வையோடு சேர்த்துக் கட்டாமல் தனிப் பையில் போடுங்கள். வீட்டுக்கு வந்த அன்றே கொடியில் விரித்து, ஐலெட் ஓரம்வரை காய்ந்த பிறகு மடியுங்கள். பாலியூரித்தேன் பூச்சு ஈரத்தோடு மடிந்து கிடந்தால் சில மாதத்தில் பிசுபிசுத்து நாறும். அதற்குப் பிறகு அதைக் காப்பாற்ற வழியில்லை. சில்பாலினுக்கு அந்தப் பயம் கிடையாது, பூஞ்சை வாடை மட்டும் வரும்.